ராஜா வந்திருக்கார், கண்ணைத் திற!

தஞ்சாவூரை ஆண்டவர்களில் பெரிய ஆள் யார் என்று கேட்டால் நண்டு சிண்டு எல்லாம் பெரிய கோயிலைக் கைகாட்டும். நல்ல ராஜா யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பேர் வரும், கூடவே சண்டையும் வரும். குடிமக்களின் கண் இமையைத் தூக்கிப் பார்த்து, உள்ளே தெரிந்ததைக் காகிதத்தில் எழுத வைத்து, பக்கத்தில் படமும் போட வைத்தவர் யார் என்றால் மட்டும் சண்டைக்கு இடமில்லை. இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை பட்டத்தில் இருந்த மராட்டிய மன்னர். மற்ற ராஜாக்கள் குடிகளின் கண்ணில் மண்ணைத் தூவிக்கொண்டிருந்த காலத்தில், விழுந்த மண்ணை எடுப்பதற்கு ஆள் வைத்திருந்தவர்.

சாட்சி சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கிறது. 40-க்கு மேற்பட்ட கண் நோயாளிகளின் குறிப்புகள். வந்தவர் என்ன சொன்னார், கண் எப்படி இருந்தது, என்ன வைத்தியம் நடந்தது, பிறகு பார்வை எப்படி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நோய் பிடித்த கண்களின் சித்திரங்களும் உண்டு. கட்டிலின் கால்மாட்டில் இன்றைக்குத் தொங்குகிறதே கேஸ் ஷீட், அதற்கு எங்கள் ஜில்லாவில் இதுதான் முப்பாட்டன்.

ராஜாவுக்கு எதற்கு இந்த வேலை? ராஜா வேலை கையில் இல்லை, அதனால்தான். அந்தக் கதையை டாக்டர்கள் எழுதும் வரிசையிலேயே சொல்லிவிடலாம். இவ்வளவு பொருத்தமான நோயாளி வேறு வம்சத்தில் கிடைக்காது.

கேஸ் ஷீட்டின் முதல் வரியில் டாக்டர் ‘சி’ போட்டு, ஒரு சாய்கோடு கிழித்து, ‘ஓ’ போடுவார். இன்ன கோளாறு என்று முறையிடுகிறார் என்பது அவர் அர்த்தம். நமக்கோ அது கேர் ஆஃப். கேர் ஆஃப் மளிகைக் கடை, கேர் ஆஃப் மாமனார் வீடு. ‘இன்னார், வயது 52, கேர் ஆஃப் வயிற்றுவலி’ என்று படிக்கும்போது, மனுஷன் குடியிருப்பதே அங்கேதான் போலிருக்கிறது. பெரிய தப்பும் இல்லை. வலி வந்தவனுக்கு வேறு விலாசம் ஏது?

1787-ல் தஞ்சாவூரின் விலாசம், கேர் ஆஃப் கிழக்கிந்தியக் கும்பெனி. மன்னர் துளஜா படுத்த படுக்கை. பெற்ற பிள்ளைகள் தங்கவில்லை. போன்ஸ்லே வம்சத்து வேறொரு கிளையிலிருந்து ஒரு பையனைச் சுவீகாரம் எடுத்தார், அவன்தான் சரபோஜி. பையனைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸின் கையைப் பிடித்தார். நான் எதற்கு, உங்கள் தம்பி அமர்சிங் இருக்கிறாரே, அவரிடம் ஒப்படையுங்கள் என்றார் பாதிரியார். சொன்னவர் நல்லவர், சொன்ன மருந்துதான் பொல்லாதது. பட்டத்தின் மேல் கண் வைத்திருந்த சித்தப்பாவிடம் பட்டத்துக்குரிய பையனை விடுவது, பாலுக்குப் பூனையைக் காவல் வைக்கிற கதை.

துளஜா கண்ணை மூடியதும் சுவீகாரம் செல்லுமா செல்லாதா என்று கும்பெனி 12 பண்டிதர்களைக் கூட்டிக் கேட்டது. செல்லாது என்றார்கள். ஒன்று, பையனுக்கு வயது தாண்டிவிட்டது. இரண்டு, அவன் பெற்றவருக்கு ஒரே பிள்ளை, ஒற்றைப் பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கூடாது. மூன்று, மன்னருக்கு அப்போது புத்தி தெளிவில்லை. இந்த மூன்றாவதுதான் நம் விஷயம். சாகக் கிடந்தவர் தெளிவாக இருந்தாரா என்று அன்றைக்கே ஒரு வைத்தியர் நாலு வரி எழுதி வைத்திருந்தால் பதினோரு வருஷச் சண்டை மிச்சமாகியிருக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தாரா, ஆளை அடையாளம் தெரிந்ததா, கேட்டதற்குப் பதில் சொன்னாரா என்று இன்றைக்கு ஹவுஸ் சர்ஜன் தூக்கக் கலக்கத்தில் கிறுக்கி வைக்கிற அதே நாலு வரி. எழுதாததால் ராஜ்ஜியம் அமர்சிங்குக்குப் போனது.

அமர்சிங் பையனை வெளிச்சம் காட்டாமல் அடைத்து வைத்திருக்கிறார், படிப்பு கிடையாது, நடத்துவதும் சரியில்லை என்று சுவார்ட்ஸ் கும்பெனிக்கு எழுத ஆரம்பித்தார். தன் மருந்துக்குத் தானே மாற்று மருந்து. பையனைச் சென்னைக்கு அழைத்துப்போய் கெரிக்கே என்ற பாதிரியாரிடம் படிக்கப் போட்டார்கள். இங்கிலீஷ், கணக்கு, உலகப்படம், இயற்கை சாஸ்திரம். இந்தப் பக்கம் சுவீகார விஷயத்தில் செகண்ட் ஒபினியன் கேட்டார்கள். புதுப் பண்டிதர்கள் அதே சாஸ்திரத்தைப் புரட்டி, தாராளமாகச் செல்லும் என்றார்கள். செகண்ட் ஒபினியன் எப்போதுமே காசு கொடுப்பவர் எதிர்பார்க்கிற பக்கம் சாயும் என்பதற்கு நம் ஊரில் இதைவிடப் பழைய ஆதாரம் எனக்குத் தெரியாது. 1798-ல் அமர்சிங் இறக்கப்பட்டு, பென்ஷனோடு திருவிடைமருதூர்ப் பக்கம் போனார். சரபோஜி ஏறினார்.

ஏறிய மறு வருஷமே ஆபரேஷன். 1799 அக்டோபரில் ஒப்பந்தம். ஆட்சி, வரி வசூல், நீதி எல்லாம் கும்பெனிக்கு. ராஜாவுக்குப் பட்டம், கோட்டை, அரண்மனை, வருஷத்துக்கு ஒரு லட்சம் வராகன், நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இன்றைய பாஷையில் ‘சம்மதப் படிவம்’ வாங்கிய பிறகுதான் கத்தி வைத்தார்கள். படிவத்தில் இடதுபக்கம் நோயாளி, வலதுபக்கம் சாட்சி, இரண்டு பக்கமும் கும்பெனி. ஆபரேஷன் சக்ஸஸ், ராஜ்ஜியம் அவுட்.

21, 22 வயசுப் பிள்ளை. நன்றாகப் படித்திருக்கிறது. கையில் காசு உண்டு, அதிகாரம் இல்லை. டெல்டாவில் இந்த வகைப் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறோம். பெரும்பாலும் சீட்டாட்டத்தில் போய் உட்காரும், இல்லாவிட்டால் கோர்ட்டு கேஸில். இது புத்தகத்தில் போய் உட்கார்ந்தது. அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்தார். ஓலைச்சுவடி, காகிதம், வரைபடம் என்று கண்டதையும் சேர்த்தார். நெப்போலியனைக் கும்பெனிக்காரர்கள் ஜெயித்ததற்கு இவர் சேதுபாவாசத்திரம் பக்கம் கடற்கரையில் மனோரா என்று கோபுரம் கட்டினார்; தன் ராஜ்ஜியத்தை வாங்கிக்கொண்டவன் ஜெயித்ததற்குக் கோபுரம் கட்டுவது எந்த வகை நோய் என்று எந்தக் கேஸ் ஷீட்டிலும் இல்லை. ஆனால் தன்வந்திரி மகால் ஒன்று வைத்தாரே, அதற்காக மனோராவை மன்னித்துவிடலாம்.

தன்வந்திரி மகாலில் ஆயுர்வேதம், சித்தம், யூனானி, இங்கிலீஷ் வைத்தியம் நாலும் ஒரே கூரையின் கீழ். இன்றைக்கு இந்த நாலு பேரும் ஒரே டி.வி. விவாதத்தில்கூடச் சமாதானமாக உட்கார மாட்டார்கள். மருந்து கைகண்டதா என்று பார்த்து, பார்த்ததைத் தமிழ்ப் பாட்டாகக் கட்டி வைத்தார்கள். சரபேந்திர வைத்திய முறைகள் என்று பின்னாளில் சரஸ்வதி மகால் அச்சிட்டது அதைத்தான்: நீரிழிவுக்கு ஒரு புத்தகம், கண் நோய்க்கு ஒன்று, குன்மத்துக்கு ஒன்று. பாட்டாக எழுதியதில் ஒரு வசதி, கையெழுத்து புரியவில்லை என்றாலும் எதுகை மோனையை வைத்து அடுத்த சரக்கு என்ன என்று ஊகித்துவிடலாம். இப்போதைய சீட்டில் அந்த வசதியும் இல்லை.

உடம்பின் உள்ளமைப்பைப் படிக்க ராஜாவுக்கு ஆசை. மனித எலும்பைத் தொட்டால் ஆசாரம் போய்விடும். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, தந்தத்தில் ஓர் எலும்புக்கூடு செய்து தர முடியுமா என்று கேட்டது. 1804-ல் தஞ்சாவூர் வந்த வேலன்ஷியா பிரபு இதைத் தன் பயண நூலில் எழுதியிருக்கிறார். செத்த மனுஷன் எலும்பு தீட்டு, செத்த யானையின் பல் சுத்தம். எலும்பு ஒவ்வொன்றுக்கும் இங்கிலீஷ்காரன் சொல்லும் லத்தீன் பேரை எங்கள் ராஜா யானைத் தந்தத்தில் படிக்க ஆசைப்பட்டார் என்பதை நினைத்தால், இன்றைய முதலாம் ஆண்டு மருத்துவ மாணவர்கள் கட்டிலுக்கு அடியில் சாக்கு மூட்டையில் எலும்பு வைத்துக்கொண்டு படுப்பதெல்லாம் ரொம்பப் பாமரமாகத் தெரிகிறது.

இனிக் கண். தன்வந்திரி மகாலில் ஒரு காலைப் பொழுதை நம் இஷ்டத்துக்குக் கற்பனை பண்ணிக்கொள்வோம், தப்பாகிவிடாது. ஒரத்தநாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். எதிரே ராஜா, பக்கத்தில் இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிற டாக்டர் மெக்பீன், காகிதத்தோடு குமாஸ்தா.

“என்ன செய்யுது, பெரியவரே?”

“ஒண்ணும் செய்யலீங்க மகாராசா. தெரியலீங்க, அவ்வளவுதான்.”

“எத்தனை நாளா?”

“போன சம்பா அறுப்புலேருந்துங்க.”

“ஒரு கண்ணா, ரெண்டு கண்ணுமா?”

“சோத்துக்கைப் பக்கம் பூ விழுந்துருச்சுங்க. பீச்சாங்கைப் பக்கம் மருமக மூஞ்சி மட்டும் தெரியலீங்க, மத்ததெல்லாம் தெரியுது.”

“தாத்தா, சும்மா இரு. ராஜா வந்திருக்கார், கண்ணைத் திற!”

குமாஸ்தாவின் நிலைமையை யோசியுங்கள். நோயாளி பேசுவது தமிழ். ராஜாவின் வீட்டுப் பேச்சு மராத்தி. டாக்டர் கேட்டுக்கொள்வது இங்கிலீஷ். எழுத வேண்டியது மராத்தியின் மோடி எழுத்திலும் இங்கிலீஷிலும். பெரியவர் பூ என்கிறார். மராத்தியில் கண்புரைக்குப் பேர் மோதிபிந்து, முத்துத்துளி. இங்கிலீஷ்காரனுக்கு அது காடராக்ட், அதாவது அருவி. ஒரு மனுஷன் கண்ணுக்குள் பூ, முத்து, அருவி என்று குற்றாலமே இறங்கியிருக்கிறது, அவருக்கு மருமகள் முகம்தான் தெரியவில்லை.

சிரித்துவிட்டுப் போகிற விஷயமும் இல்லை இது. பூ வேறு, புரை வேறு. பூ என்பது கருவிழியின் மேல் படிகிற வெள்ளைத் தழும்பு. அம்மை போட்டதாலும் வரும், கதிர் குத்தினாலும் வரும். அறுப்புக் காலத்தில் நெற்கதிரின் சுணை பட்டுக் கருவிழி புண்ணாகி, ஆறி, வெள்ளை விழுந்த கண் டெல்டாவில் எந்த ஊரிலும் இருக்கும். புரை என்பது உள்ளே இருக்கிற லென்ஸ் மங்கிப்போவது. புரையை எடுத்தால் பார்வை வரும். பூ விழுந்த கண்ணில் புரைக்கு விடுகிற ஊசியை விட்டால் பூ அப்படியே இருக்கும், கண்தான் போகும். ஆக, பெரியவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதவும் வேண்டும், அதை நம்பிவிடவும் கூடாது. இமையைத் தூக்கிப் பார்த்து, கண்டதைத் தனியாக எழுத வேண்டும். கேஸ் ஷீட்டில் நோயாளி சொன்னது ஒரு பத்தி, டாக்டர் கண்டது ஒரு பத்தி என்று இன்றைக்கும் பிரித்து எழுதச் சொல்வது இதற்காகத்தான். சரபோஜியின் ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே போய்ப் படம் வரைந்தார்கள். படத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

அந்தக் காலத்தில் புரைக்கு ஊரெல்லாம் நடந்த வைத்தியம் சுலபமானது. கண்ணின் ஓரத்தில் ஊசியை நுழைத்து, மங்கிய லென்ஸைப் பின்பக்கம் கீழே தள்ளிவிடுவது. மறைப்பு விலகியதும் பளிச்சென்று தெரியும். ஊரே கைதட்டும். நாலு நாள், நாலு வாரம் கழித்துக் கண் சீழ் பிடித்தோ அழுத்தம் ஏறியோ போகும். அதற்குள் வைத்தியர் காவேரிக்கு அக்கரையில் அடுத்த ஊரில் கைதட்டு வாங்கிக்கொண்டிருப்பார். லென்ஸை வெளியே எடுக்கும் முறையைப் பிரான்சில் தாவியேல் என்ற டாக்டர் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கொண்டுவந்தார். எந்த முறையானாலும் மரத்துப்போக ஊசி கிடையாது. கண்ணுக்கு மரப்பு மருந்து 1884-ல்தான் வந்தது. அதுவரை தலையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள், கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள், தைரியம் சொல்ல ஊர்.

கத்தியை ராஜாவே பிடித்தாரா, டாக்டர் பிடிக்க ராஜா பக்கத்தில் நின்றாரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. கத்தி பிடிக்க நிறையப் பேர் உண்டு. நாலு வாரம் கழித்து அந்த நோயாளிக்கு என்ன ஆயிற்று என்று எழுதி வைத்திருக்கிறாரே, அதுதான் ஊசி வைத்தியன் ஒருவனும் செய்யாத காரியம். கைதட்டு வாங்கிக்கொண்டு அக்கரைக்குப் போக ராஜாவால் முடியாது. அக்கரை கும்பெனியுடையது.

இந்த இடத்தில் ராஜாவின் பேரில் பதிவாகாமல் போன ஒரு கேஸையும் சொல்லியாக வேண்டும். கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் இவர் மேல் சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பாடினார். பெரிய கோயிலில் ஆடினார்கள். நாயகி மதனவல்லி. குறவஞ்சி இலக்கணப்படி ராஜா உலா வருவார், நாயகி பார்ப்பாள், அன்றோடு அவள் உடம்பு கெட்டது. தேசிகர் பாட்டாகப் பாடியதை ஒரு ஹவுஸ் சர்ஜன் கையில் கொடுத்தால் இப்படித்தான் எழுதுவார்: பெண், இளவயது, மணமாகாதவர். தூக்கமில்லை, பசியில்லை. உடம்பு இளைத்திருக்கிறது; ஆதாரம், வளையல் கழன்று விழுகிறது. மேலெல்லாம் எரிச்சல்; நிலா வந்தால் அதிகமாகிறது, சந்தனம் பூசினாலும் குறையவில்லை. காய்ச்சல் இல்லை. வெளியூர்ப் பயணம் இல்லை. தொடர்பு விவரம்: மாலையில் வீதியில் ஒரு யானை ஊர்வலம். உடன் வந்தவர்: தோழி. சகல நோவையும் தோழியே சொல்கிறார், நோயாளி பெருமூச்சு விடுகிறார்.

ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஒரு குறத்தி வந்து கையைப் பார்த்து நோய் என்ன, காரணம் யார், எப்போது குணமாகும் என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாள். ஃபீஸ் கொஞ்சம் அதிகம்தான். நோய் வந்த வழி கண், நோய்க்குக் காரணம் ராஜா, ஊரில் கண் வைத்தியத்துக்குப் பொறுப்பும் ராஜா. தன்வந்திரி மகாலில் இந்தக் கேஸை எடுத்திருந்தால் எந்தப் பத்தியில் எழுதியிருப்பார்கள்?

1826 மார்ச் கடைசியில் கல்கத்தா பிஷப் ஹீபர் தஞ்சாவூர் வந்தார். ராஜாவைச் சந்தித்து அசந்துபோனார். லவாய்சியே, லினேயஸ் என்று சாஸ்திரக்காரர்களைச் சரளமாக எடுத்துவிடுகிறார், ஷேக்ஸ்பியரைப் பற்றியும் பேசுகிறார், குறி பார்த்துச் சுடுவதிலும் கெட்டிக்காரர் என்று எழுதி வைத்தார். ராஜா ஒரு பாதிரியாரின் கட்டிலருகில் நின்ற காட்சியும் ஊரில் உண்டு. கோட்டைக்குள் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் ஒரு பளிங்குச் சிற்பம் இருக்கிறது, லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்தது. சாகக் கிடக்கிற சுவார்ட்ஸ் படுக்கையில். பக்கத்தில் நின்று கையைப் பிடித்திருக்கிறார் சரபோஜி. கெரிக்கேயும் பள்ளிப் பிள்ளைகளும் கூட. டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருகிறபோது கட்டிலைச் சுற்றி நிற்கிற அதே அமைப்பு. ஒரு வித்தியாசம், இதில் எல்லோரும் நோயாளியைப் பார்க்கிறார்கள்.

ஹீபர் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குப் போனார். ஏப்ரல் 3-ஆம் தேதி, நல்ல வெயிலில் வேலையை முடித்துவிட்டு வந்து குளிக்க இறங்கியவர், தொட்டியிலேயே இறந்து கிடந்தார். டாக்டர்கள் வந்து பார்த்து அவர்கள் பாஷையில் எழுதினார்கள். எங்கள் பக்கத்து அப்பாயி யாரைக் கேட்டிருந்தாலும் தமிழிலேயே சொல்லியிருப்பார்: “வெயில்ல வந்த மனுசன், வேர்வை அடங்கறதுக்குள்ள தண்ணில எறங்கலாமா?”

இந்த அப்பாயிகளின் மருத்துவச் சொற்களஞ்சியம் தனி. மேலுக்கு முடியலை. கெறக்கமா வருது. நெஞ்சைக் கரிக்குது. வாயாலும் வயித்தாலும் போவுது. இந்தக் கடைசி ஒன்றில் வாந்தி, பேதி, நீர்ச்சத்து குறைவு, ஊரில் கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்கிற தகவல் வரைக்கும் அடக்கம். 1817-ல் வங்காளத்தில் கிளம்பிய காலரா மறு வருஷம் சென்னை ராஜதானிக்கு வந்தது. அது எத்தனை முறை வந்து போயிருக்கிறது என்பதற்கு எங்கள் ஊர் வசவுகளே பதிவேடு. குழாயடியில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துப் பேதியில போவ, கழிச்சல்ல போவ என்று வாய் திறந்தால், பாதி மரணச் சான்றிதழ் எழுதிக் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்த முயன்றவர்களும் உண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் டாக்டர், 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலீஷ் வைத்தியத்தைத் தமிழில் சொல்லிக்கொடுத்தார். இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று கனமான புத்தகங்கள் போட்டார். சித்த வைத்தியச் சொற்களுக்குப் பெரிய அகராதி போட்டவரோ வைத்தியரே இல்லை. தஞ்சை ஜில்லாவைப் பூர்வீகமாகக் கொண்ட டி. வி. சாம்பசிவம் பிள்ளை, உத்தியோகம் போலீஸ் இலாகாவில். ஒரே மூலிகைக்கு ஊருக்கு ஊர் ஒரு பேர், ஒரே பேருக்கு ஏழெட்டு மூலிகை. பேரை மாற்றிக்கொண்டு திரிகிறவனைப் பிடிக்கிற இலாகா ஆள்தான் இதற்குச் சரி.

சரபோஜி காலத்துக் குமாஸ்தாவின் தலைவலி தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இப்போதும் நடக்கும். “எப்பலேருந்து வலி?” என்றால் “மேட்டூர்ல தண்ணி தொறந்தாங்கல்ல, அப்பலேருந்து” என்பார் வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு விவசாயி. சென்னையிலிருந்து வந்த பயிற்சி டாக்டர் விசாரித்துத் தெரிந்துகொண்டு, வழக்கமான தேதி ஜூன் 12 என்று எழுதுவார். அந்த வருஷம் அணையில் தண்ணீர் இல்லாமல் ஆகஸ்டில் திறந்திருப்பார்கள். இரண்டு மாசப் பழைய வலி என்று ஸ்கேன் எழுதுவார், அது பத்து நாள் வலியாக இருக்கும். திறக்காமலே விட்ட வருஷத்தில் நோய்க்குத் தொடக்கத் தேதியே கிடையாது.

போதாததற்கு லத்தீன். ஓ.டி. என்று சீட்டில் இருந்தால் நாளைக்கு ஒரு வேளை. அதே ஓ.டி.யைச் சில கண் டாக்டர்கள் எழுதினால் வலது கண். பேங்கில் ஓ.டி. என்றால் கடன், கவர்மென்ட் ஆபீசில் ஓ.டி. என்றால் ஆள் சீட்டில் இல்லை. சொட்டு மருந்துச் சீட்டில் ஓ.டி. இருந்தால் வலது கண்ணில் விடுவதா, ஒரு வேளை விடுவதா என்று மருந்துக்கடைப் பையன் யோசித்து, பொதுவாக ‘நீங்களே பார்த்துக்குங்க’ என்பான். பி.டி. என்றால் இரண்டு வேளை. “பி.டி. போடுங்க” என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, “அதை விடச் சொல்லித்தானே போன தடவை திட்டுனீங்க” என்று இடுப்பில் செருகிய கட்டைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் இருப்பார்கள். மருந்துக் கவரில் 1-0-1 என்று போடும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தாரோ, அவருக்குத்தான் மணிமண்டபம் கட்ட வேண்டும். காலையில் ஒன்று, மத்தியானம் இல்லை, ராத்திரி ஒன்று. லத்தீனும் வேண்டாம், தமிழும் வேண்டாம்.

இதில் என்.பி.ஓ. என்று ஒன்று. ஆபரேஷனுக்கு முன்னால் வாய் வழியாக எதுவும் கூடாது. சிஸ்டர் அதை அழகாகத் தமிழில் சொல்வார்: “பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது.” விடியற்காலை ஐந்து மணிக்கு மச்சினர் ஃபிளாஸ்க்கோடு வந்து நிற்பார். “என்ன கொடுத்தீங்க?” என்று சிஸ்டர் அலறினால், “பச்சைத் தண்ணி கொடுக்கலம்மா. கும்பகோணம் டிகிரி காப்பி. அரை டம்ளர்தான்.” ஆபரேஷன் வியாழக்கிழமைக்குத் தள்ளிப்போகும். ஷீட்டில் காரணம் என்று ஒரு இடம் இருக்கிறது. அதில் டிகிரி காப்பி என்று எழுதத் தைரியம் உள்ள டாக்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நம் நோயாளிக்கு, அதாவது ராஜ்ஜியத்துக்கு, கடைசியில் என்ன ஆயிற்று? சரபோஜி 1832-ல் காலமானார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். கும்பெனி வந்து உதட்டைப் பிதுக்கியது. பட்டம் போயிற்று, அரண்மனைச் சொத்துக்கும் சேர்த்து முத்திரை வைத்தார்கள். ராணி காமாட்சி பாய் விடவில்லை, கேஸ் போட்டார். சென்னைக் கோர்ட்டில் ஜெயித்தார். 1859-ல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைக் கவிழ்த்தது. நடந்தது அரசாங்கச் செயல், அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று பரிசோதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது என்றார்கள். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதிய ரிப்போர்ட்டுகளில் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருப்பது இது ஒன்றுதான்.

முத்திரை வைத்தவர்கள் நகையை எண்ணினார்கள், பாத்திரத்தை எண்ணினார்கள். யாரோ ஓர் ஒரத்தநாட்டுக் கிழவர் மாதிரி ஆட்களின் புரை விழுந்த கண்ணைப் பற்றிய காகிதத்துக்கு ஏலத்தில் என்ன விலை போகும்? அதனால் அவை தப்பித்தன. 1918-ல் நூலகம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நம் காலத்துக் கண் மருத்துவர்கள் அந்தத் தாள்களை எடுத்துப் படித்து, இது இன்ன நோய், இது இன்ன வைத்தியம் என்று அடையாளம் கண்டு மருத்துவ இதழில் கட்டுரையே எழுதினார்கள். சுமார் இருநூறு வருஷத்துப் பழைய கேஸ் ஷீட் அவர்களுக்குப் புரிந்திருக்கிறது. மருந்தின் பேரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று 2016-ல் மருத்துவக் கவுன்சில் டாக்டர்களுக்கு விதி போட வேண்டி வந்த நாட்டில் இது எப்படி என்று யோசித்தேன். என் சந்தேகம் ஒன்றுதான்: அதை எழுதியவர் டாக்டராக இருக்க முடியாது, சம்பளம் வாங்கிய குமாஸ்தாவாகத்தான் இருக்கும்.